சனம் கேட்பதும் சனத்துக்குத் தேவையானதும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் ஹட்டனில் நடந்த ஒருநாள் பயிற்சி வகுப்பில், சங்கத்தின் தொழிலாளர் கல்விப் பிரிவைச் சேர்ந்த தோழர் ஒருவர் ஆற்றிய உரை. வகுப்புக்கு வர முடியாமல் போன தோழர்கள் கேட்டுக்கொண்டபடியால் இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை. கைக்காசுக் கொழுந்தை விட்டுவிட்டு, வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் நேரத்தை நான் வீணாக்கக் கூடாது. இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, 'கூட்டத்தில் பேசுவது எப்படி' என்பது. குரலை எப்படி ஏற்றுவது, எங்கே நிறுத்துவது, கையை எப்படி ஆட்டுவது என்று சொல்லித் தருவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே வரும். பெரட்டுக்களத்தில் பெரிய துரைக்கு முன்னால் நின்று பேசுகிறவர்களுக்கு நான் குரல் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் பேசப்போவது வேறு. கூட்டத்துக்கு வருகிற சனம் ஒன்றைக் கேட்க விரும்பி வருகிறது. அதற்குத் தேவையானது சில நேரம் வேறொன்றாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் பேசினால் என்ன நடக்கும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பிழையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

730 என்று சொன்ன நாள்

2016 ஒக்டோபர் மாதம். கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு டிவிசனில் கோயில் முற்றத்தில் கூட்டம். பல மாதம் இழுபட்டுக் கிடந்த சம்பளப் பேச்சு முடிந்திருக்கிறது. சனம் நிறைந்து நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எவ்வளவு?"

நான் மைக்கைப் பிடித்து, "எழுநூற்று முப்பது!" என்றேன். கைதட்டல். யாரோ ஒரு பையன் வெடி கொளுத்தினான். அதற்கு மேல் இருபது நிமிடம் பேசினேன். போராட்டம், ஒற்றுமை, சங்கம் என்று பேசினேன். ஒவ்வொரு வசனத்துக்கும் கைதட்டல் கிடைத்தது. மனம் நிறைந்து போனது, எனக்கு.

அடுத்த மாதச் சம்பளம் வந்த அன்று ஒரு தோழர் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். "தலைவரே, 730ன்னு சொன்னீங்க. எனக்கு 530 கணக்குலதானே போட்டிருக்கு?"

அவர் சொன்னது சரி. அந்த 730 ஒரே எண் இல்லை. நான்கு எண்கள் சேர்ந்தது. அடிப்படைச் சம்பளம் 500. வரவுக் கொடுப்பனவு 60. உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140. விலைப்பங்குக் கொடுப்பனவு 30. கூட்டினால் 730. ஆனால் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வேலைக்கு வராவிட்டால் 60 கிடையாது. குறித்த கிலோ எடுக்காவிட்டால் அந்த நாளுக்கு 140 கிடையாது. அந்தத் தோழர் அந்த மாதம் காய்ச்சலில் கிடந்தவர். வந்த நாட்களிலும் கிலோ சேரவில்லை. இரண்டும் போனால் மிச்சம் 530.

இன்னுமொன்று. ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கணக்குப் பார்த்தது 730க்கு இல்லை, 500க்கு. முதலாளி தரப்பு போட வேண்டியது சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். அதாவது நாளுக்கு 60 ரூபாயும் 15 ரூபாயும். இதை அந்தக் கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை.

எனக்குத் தெரியாமல் இல்லை. ஒப்பந்தத்தின் பிரதி என் பையில்தான் இருந்தது. சொன்னால் கைதட்டல் நின்றுவிடும் என்று ஒரு பயம். அவ்வளவுதான் காரணம். நான் பொய் சொல்லவில்லை. கேட்க விரும்பியதைச் சொன்னேன், தெரிய வேண்டியதை விட்டுவிட்டேன். அந்தத் தோழருக்கோ இரண்டும் ஒன்றுதான்: தலைவர் ஒன்று சொன்னார், கையில் வந்தது வேறொன்று.

அந்த அக்கா கேட்ட கேள்வி

அதே கூட்டம் முடிந்ததும் ஓர் அக்கா என்னிடம் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கொழுந்துக் கூடை சுமந்து தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "தம்பி, எம் பேரு செக்ரோல்ல ஒரு மாதிரி இருக்கு, ஐடென்டி கார்ட்டுல வேற மாதிரி இருக்கு. காலு வலி தாங்க முடியல, பேரு வெட்டிக்கலாம்னு இருக்கேன். ஈ.பி.எப். காசு எடுக்கிறப்போ கரச்சல் வருமா?"

என்னைச் சுற்றி இளைஞர்கள் நிற்கிறார்கள், கைகுலுக்குகிறார்கள். நான், "அதெல்லாம் பெரிய விசயமில்ல அக்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி வேனில் ஏறிவிட்டேன்.

அது பெரிய விசயம்தான். அக்கா வேலையை விட்டார். கே படிவம் நிரப்பிக் கொடுத்தார். பெயர் ஒத்துவரவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. தோட்டத்துக் கந்தோருக்கு ஒரு நடை, கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நடை, சத்தியக் கடதாசி முடிக்க டவுனுக்கு ஒரு நடை, தொழில் அலுவலகத்துக்கு எத்தனையோ நடை. ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தார். இடையில் மகளுக்குப் படிப்புச் செலவு வந்து, காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தார். ஆயுள் முழுக்க மலையில் உழைத்துச் சேர்த்த சொந்தக் காசு சும்மா கிடக்கும்போது, வட்டிக்குப் பணம் வாங்கினார்.

வேலையில் இருக்கும்போதே பெயரைத் திருத்தி வைத்திருந்தால் இவ்வளவு அலைச்சல் வந்திருக்காது. அன்றைக்கு நான் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் போதும். பின்பு ஒருநாள் அவரைச் சந்தித்தபோது மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க நல்லாத்தான் பேசினீங்க தம்பி. எனக்கு வேண்டியதத்தான் பேசல" என்றார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மற்றப் பக்கத்துப் பிழை

சூடு பட்டதும் நான் மற்றப் பக்கம் சாய்ந்தேன். இனிமேல் கைதட்டல் வேண்டாம், சனத்துக்குத் தேவையானதை மட்டும் பேசுவேன் என்று முடிவு செய்தேன். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம் என்று ஆரம்பித்து, பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிக்கொண்டு ஒரு டிவிசனுக்குப் போனேன். மாலை ஆறரை மணி. லயத்துக்கு முன்னால் பெண்களை உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் வகுப்பு.

பதினைந்து நிமிடத்தில் பின்வரிசை எழும்பியது. அரை மணியில் பாதிப்பேர் இல்லை. எனக்குக் கோபம். "உங்களுக்காகத்தானே பேசுறேன், உட்காந்து கேக்க முடியாதா?" என்று சத்தம் போட்டேன். முன்னால் இருந்த ஒரு தங்கச்சி எழுந்து நின்று சொன்னார்: "அண்ணே, நாங்க மலையிலிருந்து வந்து இன்னும் மூஞ்சி கழுவல. தண்ணி வர்றது ஒரு மணித்தியாலம்தான். இப்ப புடிக்காட்டி நாளைக்கிக் காலையில தண்ணி இல்ல. புள்ளைக்கு இன்னும் சோறு ஆக்கல."

நான் வாயடைத்துப் போனேன். எது தேவை என்று நானே தீர்மானித்துவிட்டேன். எந்த நேரத்தில், எவ்வளவு, எந்த வார்த்தையில் என்று அவர்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. 'சட்டத்தின் 10ஆம் பிரிவு' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர்களுக்கு அந்த நிமிடத்தில் தேவையானது தண்ணீர்.

தோழர்களே, இந்த இரண்டாவது பிழை முதலாவதை விட மோசமானது என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. முதல் பிழையில் சனத்தைச் சந்தோசப்படுத்தி ஏமாற்றினேன். இரண்டாவதில், 'உனக்கு எது நல்லது என்று உன்னை விட எனக்குத் தெரியும்' என்று நின்றேன். நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து துரைமார் நம்மிடம் பேசிய பேச்சு அதுதான். சங்கத்துக்காரனும் அதையே பேசினால் வித்தியாசம் எங்கே?

பாட்டோடு போன விசயம்

இதைச் சரியாகச் செய்தவர்கள் நமக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். கோ. நடேசய்யரை உங்களுக்குத் தெரியும். மலையகத்தில் தொழிற்சங்கத்துக்கு அடித்தளம் போட்டவர். 1931இல் அட்டனை மையமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாத காலத்தில், தொழிலாளர் நிலைமையை நேரில் பார்க்கப் புடவை வியாபாரி போல உள்ளே போனவர் என்று சொல்வார்கள். பேசுவதற்கு முன்னால் பார்க்கவும் கேட்கவும் போனார் என்பதைக் கவனியுங்கள்.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மையாரையும் நாம் மறக்கக் கூடாது. கூட்டங்களில் அவர் பாடினார். எழுத்தறிவு பலருக்கு இல்லாத காலம். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்த சனம் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டது. சனத்துக்குப் பழக்கமான மெட்டில் அவர் பாடினார். அந்தப் பாட்டுக்குள்ளே தொழிலாளருடைய துயரமும் உரிமையும் அரசியலும் இருந்தன. அவற்றை அச்சிட்டும் பரப்பினார்கள். பாட்டுக்கு வந்தவர்கள் விசயத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். சனத்தின் ஆசையை அவர் தாழ்வாக நினைக்கவில்லை. அதன் வழியாகவே உள்ளே போனார்.

சனம் விரும்புவது வாசல். தேவையானது வீட்டுக்குள் இருக்கிறது. வாசலிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்புவது என் முதல் பிழை. வாசலை விட்டுவிட்டுக் கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்கப் பார்த்தது என் இரண்டாவது பிழை.

20 ரூபாயா, 200 ரூபாயா?

ஓர் உண்மையான சம்பவத்தை வைத்து இதைப் பார்ப்போம். 2019 ஜனவரி ஒப்பந்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடிப்படைச் சம்பளமாக 1,000 ரூபாய் வேண்டும் என்பது கோரிக்கை. வந்தது 700. விலைப்பங்குக் கொடுப்பனவு 50. மொத்தம் 750. வரவுக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் இல்லாமல் போயின.

அப்போது தோட்டம் தோட்டமாக இரண்டு விதமான பேச்சு நடந்தது. ஒரு பக்கம், "அடிப்படைச் சம்பளம் 40 வீதம் கூடியிருக்கிறது" என்றார்கள். மறுபக்கம், "730 இருந்தது 750 ஆனது, 20 ரூபாய்தான் கூடியது" என்றார்கள். சந்தோசப்பட விரும்பியவர்களுக்கு முதல் பேச்சு, கோபப்பட விரும்பியவர்களுக்கு இரண்டாவது பேச்சு. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் பாதி.

முழுக் கணக்கு இதுதான். மாதம் முழுக்கத் தவறாமல் வந்து, கிலோவும் சரியாக எடுத்து, 730 வாங்கிக்கொண்டிருந்த தங்கச்சிக்குக் கூடியது நாளுக்கு 20 ரூபாய். அவருடைய கோபம் முழுக்க நியாயமானது. நோயாலோ வறட்சியாலோ 530 வாங்கிக்கொண்டிருந்த அண்ணனுக்குக் கூடியது 220 ரூபாய். சேமலாப நிதிக்கு முதலாளி போட வேண்டியது நாளுக்கு 60 ரூபாயிலிருந்து 84 ரூபாய் ஆனது. நம்பிக்கை நிதிக்கு 15 ரூபாயிலிருந்து 21 ரூபாய் ஆனது.

அடுத்து சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடமாவது வேலை செய்து விலகும் நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள விகிதத்தில் கொடுக்க வேண்டும். 30 வருட சேவை என்றால் 420 நாள் சம்பளம். 500 ரூபாய்க் கணக்கில் அது 210,000. 700 ரூபாய்க் கணக்கில் 294,000. 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் வந்த 1,350 ரூபாய்க் கணக்கில் 567,000. அடிப்படைச் சம்பளம் என்ற அந்த ஒரு வரி, வேலையை விட்டு விலகுகிறவருடைய முதுமையைத் தீர்மானிக்கிறது.

அந்த ஒப்பந்தத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கேட்டது 1,000, கிடைத்தது 700 என்பது உண்மை. நான் சொல்வது, இந்தக் கணக்கு முழுவதையும் தெரிந்த பிறகு ஒரு தொழிலாளி கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்குப் பலம் இருக்கும். அடுத்த பேச்சுவார்த்தையில் எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவருக்கே தெரியும். பாதிக் கணக்கோடு வருகிற கோபத்தை யாரும் எந்தப் பக்கமும் திருப்பலாம்.

2021 மார்ச்சில் 1,000 வந்தபோதும் இதே பாடம்தான். 900 ரூபாய் சம்பளம், 100 ரூபாய் வரவு செலவுத் திட்ட நிவாரணக் கொடுப்பனவு என்று வர்த்தமானியில் வந்தது. சனம் விரும்பிய எண் கிடைத்துவிட்டது. ஆனால் கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. பல தோட்டங்களில் பேருக்கு எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். எடுக்க முடியாதவருக்கு அரைப்பேர். வேலை நாளும் குறைந்தது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 750 ரூபாயில் மாதம் 22 நாள் வேலை என்றால் 16,500. 1,000 ரூபாயில் 13 நாள் என்றால் 13,000. நாட்சம்பளம் கூடியும் வீட்டுக்கு வரும் காசு குறையலாம். 'நாளுக்கு எவ்வளவு' என்று சனம் கேட்கும்போது, 'எத்தனை கிலோவுக்கு, மாதம் எத்தனை நாளுக்கு' என்ற மற்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கப் பழக்குவது நம்முடைய வேலை.

சம்பளச் சீட்டு வகுப்பு

அப்படியானால் எப்படிப் பேசுவது? எனக்குப் பலன் தந்த ஒரு வழியைச் சொல்கிறேன்.

அந்தத் தங்கச்சி ஏசிய பிறகு நான் அந்த டிவிசனுக்கு மைக் இல்லாமல் போனேன். லயத்து வாசல்களில் உட்கார்ந்தேன். கொழுந்து எடுக்கும் ஒரு பெண், ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு தோழர், பேர் வெட்டிக்கொண்ட ஒரு பெரியவர், பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விடும் ஒரு தாய், கொழும்புக்கு வேலைக்குப் போய் வரும் ஒரு பையன் என்று ஐந்தாறு பேரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "போன மாதம் உங்களுக்குப் புரியாம போன விசயம் எது?"

எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் சொன்னது ஒன்றுதான். "சம்பளத்துல எதையெதையோ வெட்டுறாங்க. என்னான்னு விளங்கல."

சேமலாப நிதியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது? அந்தச் சீட்டில்தானே இருக்கிறது! சம்பளம் வந்ததற்கு அடுத்த ஞாயிறு, அவர்களே சொன்ன நேரத்தில், காலை பத்து மணிக்கு, கோயில் திண்ணையில் கூடினோம். "சம்பளச் சீட்டைக் கொண்டு வாங்க" என்பது மட்டும்தான் அழைப்பு. நான் எதிர்பார்த்ததை விடக் கூடுதலாக வந்தார்கள். கண் தெரியாத பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள்.

ஒவ்வொரு வரியாக வாசித்தோம். தீபாவளி முற்பணம் எவ்வளவு மிச்சம், தேயிலைத் தூளுக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, சங்கச் சந்தா எவ்வளவு. சந்தாவையும் சேர்த்துத்தான். "சந்தா வெட்டுற சங்கம் போன மாசம் என்னா செஞ்சிச்சு?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொன்னேன். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

அப்படியே சேமலாப நிதி வரிக்கு வந்தோம். 'நம்மிடம் குறைந்தது 8 வீதம் வெட்டுகிறார்கள். முதலாளி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் நம் சம்பளத்தில் தொடாமல் முதலாளியே போட வேண்டும். வெட்டிய காசு கணக்கில் ஏறியதா என்று பார்க்க மத்திய வங்கி அனுப்பும் கணக்கு அறிக்கை இருக்கிறது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம்.' இவ்வளவுதான் சொன்னேன். பத்து நிமிடம். சட்டத்தின் பெயரைக் கூடச் சொல்லவில்லை.

பிறகு, "சீட்டுல இருக்கிற பேரையும் அடையாள அட்டையில இருக்கிற பேரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க" என்றேன். திண்ணை அமைதியாகிவிட்டது. ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்தார்கள். ஒருவருக்கு 'அம்மா' 'அம்மாள்' ஆகியிருக்கிறது. ஒருவருக்குத் தகப்பன் பெயரின் முதல் எழுத்து மாறியிருக்கிறது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு புருசன் பெயர் ஓரிடத்தில் ஏறியிருக்கிறது, மற்ற இடத்தில் ஏறவில்லை. அன்றைக்கே பட்டியல் எழுதினோம். வேலையில் இருக்கும்போதே திருத்த வேண்டியவர்கள் இவர்கள் என்று, வயது கூடியவர்களை முதலில் வைத்து எழுதினோம்.

வெடி இல்லை, மாலை இல்லை. ஆனால் போகும்போது ஒரு பெரியம்மா, "அடுத்த மாசமும் வருவியா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என் எந்தக் கூட்டத்திலும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பேசப் போகும் முன்

நீங்கள் உங்கள் டிவிசனுக்குத் திரும்பிப் போகும்போது ஞாபகம் வைத்திருக்கச் சில விசயம்.

முதலாவது, பேசுவதற்கு முன்னால் கேளுங்கள். ஐந்து பேர் போதும். ஐவரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக் கூடாது. தலைவருக்கு நெருக்கமானவர்களை மட்டும் கேட்டால், தலைவர் விரும்புவதைத்தான் சொல்வார்கள். கூட்டத்துக்கு வராதவர்களையும் கேளுங்கள். அவர்கள் வராத காரணத்திலேயே பாதி விசயம் இருக்கும்.

இரண்டாவது, சனம் கேட்க வந்ததை முதலில் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வந்தவர்களை அரை மணி நேரம் காக்க வைக்காதீர்கள். எண்ணைச் சொல்லிவிட்டு, அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கணக்கை விரியுங்கள்.

மூன்றாவது, ஒரு கூட்டத்துக்கு ஒரு விசயம். வீட்டுக்குப் போய் அவர்கள் செய்ய வேண்டிய ஒரு காரியத்தோடு கூட்டம் முடிய வேண்டும். ஒரு சீட்டைத் தேடி எடுப்பது, ஒரு பெயரைச் சரிபார்ப்பது, அவ்வளவு போதும்.

நான்காவது, கெட்ட செய்தியை மறைக்காதீர்கள். கோரிக்கை தோற்றால் தோற்றது என்று சொல்லுங்கள். நம் சனம் கஷ்டத்தைத் தாங்கும். 1948இல் பிரஜாவுரிமை இழந்ததைத் தாங்கிய சமூகம் இது. தலைவர் மறைத்தார் என்பதைத்தான் தாங்காது.

ஐந்தாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "விசாரித்து அடுத்த ஞாயிறு சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு கட்டாயம் போங்கள். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்ற வார்த்தை எனக்கு என்ன செய்தது என்று கேட்டீர்கள்.

கடைசியாக, நேரம். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்களுக்கு வீட்டில் இன்னொரு நாள் வேலை காத்திருக்கிறது. தலைவர்கள் அநேகமாக ஆண்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்று இனிமேல் மாதர் சங்கத் தலைவி தீர்மானிக்கட்டும். இதை இந்த வகுப்பின் தீர்மானமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இந்த மாத வேலை

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. இந்த மாதச் சம்பளம் வந்த பிறகு, ஒவ்வொருவரும் உங்கள் லயத்தில் ஐந்து குடும்பங்களின் சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், பிறந்த திகதி, சேமலாப நிதி இலக்கம் மூன்றையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பை அந்தப் பட்டியலை வைத்துத்தான் நடத்துவோம். நான் தயாரித்த பேச்சு எதுவும் அன்றைக்கு இருக்காது.

அந்த ஐந்து வீட்டிலும் யாராவது வேறு ஏதாவது கேட்டால், கூரைத் தகரமோ, காணியோ, பிள்ளையின் படிப்போ, எதுவானாலும், நின்று கேளுங்கள். அதையும் எழுதுங்கள். நான் வேனில் ஏறிப் போன மாதிரிப் போய்விடாதீர்கள்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் பதினைந்து நிமிடம் இருக்கிறது. இனி நீங்கள் பேசுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.